ரோலர் இழுத்த கையும் டாஸ் போட்ட கையும்

பொங்கல் வந்துவிட்டால் சந்தவாசல், கண்ணமங்கலம், ஆரணி என்று எங்கே திரும்பினாலும் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நோட்டீஸ்தான். காலனியில் வேகமாகப் பந்து போடுகிற பையன் ஒருவன் இருந்தால் ஊர் டீம்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கடைசி ஓவர் அவனுக்குத்தான். ஆனால் டாஸ் போட யார் போவது, ஃபீல்டிங் யார் நிறுத்துவது, அடுத்த மேட்ச்சுக்கு யாரை வெளியே உட்கார வைப்பது என்ற கேள்வி வந்தால் அவன் பெயரை யாரும் எடுக்கமாட்டார்கள். எதிர்க்கவும் மாட்டார்கள். எடுக்கவே மாட்டார்கள். கபடியிலும் இதே கதைதான். ரைடு போக நம் பையன் வேண்டும், வெளியே நின்று உத்தரவு போட வேறு ஒருவர்.

மாலை நேரப் படிப்பு வட்டத்தில் நாங்கள் சந்திக்கும் மாணவர்கள் 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்கள். விளையாட்டில் சாதி உண்டா என்று அவர்கள் கேட்பதில்லை, அது அவர்களுக்கே தெரியும். அவர்கள் கேட்பது வேறு: "திறமையை ஒத்துக்கொள்கிறவர்கள் ஏன் தலைமையை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை?" இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. அது பூனாவில் ஆரம்பிக்கிறது.

பல்வங்கர் பாலு 1876இல் தார்வாடில் பிறந்தவர். தோல் வேலை செய்யும் சமார் சாதி. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்ததால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் படிப்பும், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற மட்டையும் பந்தும் கிடைத்தன. முதலில் பூனாவில் பார்சிகளின் கிளப் ஒன்றில் வேலை. 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளம். பிட்ச்சைப் பெருக்குவது, ரோலர் இழுப்பது, நெட் கட்டுவது, கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. இடையிடையே துரைமார்கள் பயிற்சி செய்யும்போது பந்து போட வேண்டும்.

அந்தப் பயிற்சிதான் நமக்கு முக்கியம். கிளப்பின் பெரிய பேட்ஸ்மேன் கேப்டன் கிரெய்க் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். பாலு அவருக்கு மணிக்கணக்கில் இடக்கைச் சுழற்பந்து போடுவார். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் எட்டணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. இதை வாசிக்கிறவர்கள் வழக்கமாக 'பாலு இப்படித்தான் கற்றுக்கொண்டார்' என்று முடித்துவிடுகிறார்கள். நாங்கள் இன்னொரு பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறோம். கிரெய்க்கும் அங்கேதான் கற்றுக்கொண்டார். ஒரு பேட்ஸ்மேனின் கால் எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பந்தை இறக்கி, அவனைத் திருத்தும் வேலைக்கு இன்று 'கோச்' என்று பெயர். அன்று அதற்கு வேலைக்காரன் என்று பெயர், நாலு ரூபாய் சம்பளம். மட்டையை மட்டும் பாலு கையில் யாரும் கொடுத்ததில்லை. பேட்டிங் கனவான்களின் வேலை.

பிறகு பூனாவின் இந்து அணி வெள்ளைக்காரர்களை ஜெயிக்க ஆசைப்பட்டபோது பாலு தேவைப்பட்டார். அணியில் இருந்த பிராமணர்கள் மறுத்தார்கள், தெலுங்கர்கள் சேர்க்கச் சொன்னார்கள். கடைசியில் ஜெயிக்கும் ஆசைதான் ஜெயித்தது. மைதானத்தில் பாலு தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். மாட்டுத் தோலில் செய்த பந்து அது, தோல் தைக்கிற சாதிக்காரன் தொட்டால் தீட்டாம்! இடைவேளையில் அவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண் குவளையில். சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். இரட்டைக் குவளை டீக்கடைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், கிரிக்கெட் பெவிலியனிலும் அது இருந்தது.

ப்ளேக் காலத்தில் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பாலு இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார், ரயில்வேயில் வேலை பார்த்தார். 1906 பிப்ரவரியில் இந்து அணி 109 ரன் வித்தியாசத்தில் ஐரோப்பிய அணியைத் தோற்கடித்தது. பாலு அந்த ஆட்டத்தில் எட்டு விக்கெட் எடுத்தார். தேசபக்தப் பத்திரிகைகள் கொண்டாடின. தம்பிகள் சிவராம், கணபத், வித்தல் மூவரும் பின்னாலேயே அணிக்குள் வந்தார்கள். 1913இல் நான்கு சகோதரர்களும் ஒரே அணியில்.

1911இல் இந்திய அணி இங்கிலாந்து போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அவருக்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா, விருந்து, குதிரைப் பந்தயம் என்று அவருக்கு வேலைகள் அதிகம். சில ஆட்டங்களோடு அவர் ஒதுங்கிக்கொண்டார், போகும்போது அணியின் நல்ல பேட்ஸ்மேன் ஒருவரையும் தன் செயலாளர் என்று அழைத்துக்கொண்டு போனார். பாலுவுக்கு வயது 35, தோளில் வலி. அந்தத் தோளோடு முதல்தர ஆட்டங்களில் 75 விக்கெட், எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட். சோமர்செட்டுக்கு எதிராக சிவராம் சதம் அடித்து ஜெயித்துக் கொடுத்தார். தோல்விகள் நிறைந்த அந்தப் பயணத்தில் பேசும்படியாக இருந்தது பெரும்பாலும் இந்த அண்ணன் தம்பி ஆடியதுதான்.

இப்போது கேப்டன் பதவிக்கு வருவோம். (நம் ஊரில் கேப்டன் என்றால் முதலில் விஜயகாந்த்தான் நினைவுக்கு வருவார், அது வேறு கதை.) பம்பாயில் இந்து, பார்சி, ஐரோப்பியர், 1912 முதல் முஸ்லிம் என மத அடிப்படையில் அணிகள் மோதிய குவாட்ராங்குலர் போட்டிதான் அன்று இந்தியாவின் பெரிய கிரிக்கெட். சம்பளம் வாங்காத அமெச்சூர் ஆட்டம். இந்து அணியில் மூத்தவர், அதிகம் விக்கெட் எடுத்தவர், இங்கிலாந்து அனுபவம் உள்ளவர் பாலு. அவரைத் தலைவராக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் குரல் எழுந்தது. ஆண்டுதோறும் ஒரு பிராமணருக்கே பதவி போனது. 1913இல் தேர்வான எம்.டி. பை தனக்கு நடந்த வரவேற்பிலேயே, இந்த மரியாதை மூத்தவரும் அனுபவசாலியுமான நண்பர் பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனாலும் பதவியில் இருந்தது அவர்தான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பந்து போடுவது உழைப்பு, அதை வாங்கிக்கொள்ள சாதி எப்போதும் தயார். வயலில் வாங்கியது, தறியில் வாங்கியது, பிட்ச்சிலும் வாங்கியது. கேப்டன் என்பது உத்தரவு. 'நீ அங்கே போய் நில்' என்று பாலு சொன்னால் ஒரு பிராமணர் போய் நிற்க வேண்டும். தேநீரைத் தனிக் குவளையில் கொடுத்துச் சமாளிக்கலாம், உத்தரவை அப்படிச் சமாளிக்க முடியாது. படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதை எங்கள் வகுப்பில் புரியவைக்க நாங்கள் இந்த உதாரணத்தைத்தான் எடுக்கிறோம்.

1920இல் விஷயம் வெடித்தது. பாலுவை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கேப்டன் பைக்கு உடம்பு சரியில்லை என்றானபோது, அணியின் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவரும் மூத்தவருமான வித்தலை விட்டுவிட்டு, பூனாவின் டி.பி. தேவதருக்குத் தலைமை கொடுத்தார்கள். தேவதர் பெரிய ஆட்டக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வித்தலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். விலகியதோடு நிற்கவில்லை, சாதிதான் காரணம் என்று பகிரங்கமாக எழுதினார்கள். இத்தனை வருடம் மைதானத்தில் திறமையைக் காட்டி மனம் மாறட்டும் என்று காத்திருந்த குடும்பம், உழைப்பை நிறுத்தியது. வேலைநிறுத்தம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, எங்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. பம்பாயின் பொதுக்கருத்து அவர்கள் பக்கம் திரும்பியது. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்குப் பை கேப்டனாகத் திரும்பினார், பாலு துணைக் கேப்டன், தம்பிகளும் வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பை மைதானத்தை விட்டு வெளியேறி, அணியைப் பாலுவின் கையில் கொடுத்தார். பாலுவுக்கு அப்போது 44 வயது. குவாட்ராங்குலரில் அவருக்குக் கிடைத்த தலைமை அந்தச் சில மணி நேரம்தான்.

1923இல் வித்தல் கேப்டன் ஆனார். அந்த ஆண்டே இறுதியில் ஐரோப்பியரை வீழ்த்தி இந்து அணி கோப்பையை எடுத்தது. வித்தலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்களில் சாதி இந்துக்கள் நிறையப் பேர். தீண்டாமையை ஒழித்தால் சுயராஜ்யம் வரும் என்பதற்கு இதுவே சாட்சி என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. மகாத் குளத்தில் தண்ணீர் எடுக்க அம்பேத்கர் போனது 1927இல். அங்கே அடி விழுந்தது. மைதானத்தில் தோளில் தூக்கிய சமூகம் குளத்தங்கரையில் என்ன செய்தது என்பதைச் சேர்த்துப் படிக்காமல் 1923ஐக் கொண்டாடுவது எங்களுக்கு ஒப்பவில்லை.

பம்பாயில் மட்டும்தான் இப்படி என்றில்லை. கிரிக்கெட் பிறந்த இங்கிலாந்திலேயே கூலிக்கு ஆடும் 'ப்ரொஃபஷனல்' ஆட்டக்காரர்கள் பந்து போடுவார்கள், பணக்கார 'அமெச்சூர்' கேப்டனாக இருப்பார். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஆடிய அந்த அணிக்கு லென் ஹட்டன் என்ற ப்ரொஃபஷனல் கேப்டனாக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் வெள்ளையர்தான் கேப்டன் என்பது எழுதாத சட்டம். சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் பத்திரிகையில் விடாமல் எழுதிப் போராடிய பிறகுதான் 1960இல் ஃபிராங்க் வொரல் என்ற கறுப்பர் ஒரு முழுத் தொடருக்குக் கேப்டனாக நியமிக்கப்பட்டார். அமெரிக்க பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் 1947இல் நிறத்தடையை உடைத்து உள்ளே வந்தார். முதல் கறுப்பின மேனேஜராக ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975இல். ஆடுவதற்கும் ஆட்டுவிப்பதற்கும் நடுவே 28 வருடம். தென்னாப்பிரிக்க ரக்பி அணிக்கு சியா கொலிசி டெஸ்ட் கேப்டனானது 2018இல்தான். இவற்றில் எங்கேயும் 'திறமை வந்தால் தானாகப் பதவி வரும்' என்பது நடக்கவில்லை.

பாலுவின் பிற்காலத்தை மறைத்துவிட்டு அவரை நாயகனாக்குவது எளிது. நாங்கள் அதைச் செய்யப்போவதில்லை. இளம் அம்பேத்கர் பாலுவை மதித்தவர். ஆனால் 1932 பூனா ஒப்பந்த நாட்களில் பாலு, நம் சென்னையின் எம்.சி. ராஜாவைப் போல, தனித்தொகுதிக்கு எதிராகக் காந்தியின் பக்கம் நின்றார். 1937இல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. பத்துப் பன்னிரண்டு வருடம் கேப்டன் பதவிக்குத் தகுதியில்லை என்று தள்ளிவைக்கப்பட்ட மனிதர், அம்பேத்கரைத் தோற்கடிக்க மட்டும் தகுதியான தலைவராகத் தெரிந்தார்! எங்கள் கூட்டங்களில் இந்த இடம் வந்தால் சில தோழர்கள் கோபப்பட்டு 'அவரைப் பற்றிப் பேசவே வேண்டாம்' என்பார்கள். பேசத்தான் வேண்டும். நம்மில் ஒருவருக்கு நாற்காலி கொடுக்கப்படும்போது யார் கொடுக்கிறார்கள், யாருக்கு எதிராகக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது அந்தத் தேர்தல். பாலு 1955 ஜூலையில் இறந்தார்.

கோச் விஷயம் ஒன்று பாக்கி. கபடியோ தடகளமோ நன்றாக ஆடி, முப்பதை நெருங்கி, 'இனி என்ன செய்வது' என்று எங்களிடம் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலனிச் சின்னப் பையன்களுக்குக் காலை ஐந்து மணிக்கே பயிற்சி கொடுக்கிறவர்கள் அவர்கள்தான், காசில்லாமல். அவர்களிடம் இல்லாதது சான்றிதழ். பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் கேட்கப்படுவது பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ. என்.ஐ.எஸ். என்று சொல்வார்கள். 1961இல் தொடங்கியது. போகவர ரயில் செலவு, கட்டணம், படிக்கும் மாதங்களில் வீட்டுக்கு வருமானம் இல்லாமல் போவது என்று கணக்குப் போட்டாலே பாதிப் பேர் விண்ணப்பப் படிவத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். இந்த வருடம் இரண்டு பேருக்காவது அந்தச் செலவைத் திரட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அந்த நிறுவனம் இயங்குவது பழைய மோதிபாக் அரண்மனையில். பாட்டியாலா மகாராஜாக்களின் அரண்மனை அது, 1911இல் பாலுவின் கேப்டனாக இருந்தாரே, அவர் வீடு.