ஃப்ளோர் டி லா மாரும் நீனா சாத்துவும்

மலாக்கா ஆற்றங்கரையில் பெரிய போர்த்துகீசியக் கப்பல் ஒன்று நிற்கிறது. 1511-இல் அல்புகர்க் இந்த ஊரைப் பிடித்துக் கொள்ளையடித்துவிட்டுப் புறப்பட்ட ஃப்ளோர் டி லா மாரின் மாதிரி அது. 1994 முதல் கடல்சார் அருங்காட்சியகமாக இருக்கிறது. பறிகொடுத்த ஊரே பறித்தவன் கப்பலைக் கட்டி, டிக்கெட் போட்டு, பிள்ளைகளை ஏற்றிவிடுகிறது. இதில் ஒரு குறும்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அசல் கப்பல் 1502-இல் லிஸ்பனில் கட்டப்பட்டது, 400 டன். இந்தியாவுக்கு வந்துபோகும் கப்பல்கள் அப்போது மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கினாலே அதிகம். இதுவோ ஒன்பது ஆண்டுகள் ஓடி, ஒழுகிக்கொண்டிருந்தது. பொறியியல் படித்தவனாகச் சொல்கிறேன், அந்த நிலையில் இருந்த கப்பலில் சரக்கு ஏற்ற இன்று எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போடமாட்டார். அல்புகர்க் சுல்தானின் பொக்கிஷத்தையே ஏற்றினார். சுமத்ரா கரையோரம் புயலில் கப்பல் உடைந்தது. அவர் தப்பித்தார், பொக்கிஷம் போனது.

சென்ற பள்ளி விடுமுறையில் அக்கா குடும்பத்தோடு கிள்ளானில் பசியாறிவிட்டுக் கிளம்பிப் போனோம். சின்னவனுக்குப் பீரங்கிதான் எல்லாம். எதிர்ப்புறம் இருக்கும் கடற்படை அருங்காட்சியகத்துக்கு எப்போ போவோம் என்று நச்சரித்துக்கொண்டே வந்தான். பெரியவள்தான் மேல்தளத்தில் நின்று கேட்டாள்: “மாமா, நம்ம ஆளுங்க இந்தக் கப்பல்லயா வந்தாங்க?”

கிள்ளான் பிள்ளை அப்படித்தான் கேட்கும். நம் வீடுகளில் கப்பல் கதை என்றால் ரஜூலா கதை. நாகப்பட்டினத்தில் ஏறி, போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில் இறங்கி, தோட்டத்து லயத்துக்குப் போன கதை. ரஜூலா கட்டப்பட்டது 1926-இல். அதற்கு முந்தியது என்ன என்றால் நேராக ராஜேந்திர சோழனின் 1025-க்குத் தாவிவிடுவோம். நடுவே இருக்கும் தொள்ளாயிரம் ஆண்டுகள் பேச்சிலேயே வராது.

அவள் கேள்விக்கு விடை, இல்லை என்பதுதான். இந்தக் கப்பல் வந்தபோது நம் ஆட்கள் ஏற்கெனவே துறைமுகத்தில் இருந்தார்கள். சுல்தானின் மலாக்காவில் வணிகர்களை நாடுவாரியாகக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள். அதில் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரையின் கெலிங் வணிகர்கள். (அந்தச் சொல் அப்போது வசை இல்லை.) அவர்களில் ஒருவர்தான் நீனா சாத்து. நயினார் என்பதே நீனா ஆனது என்பார்கள். 1509-இல் மலாக்காவில் சிறைபட்ட போர்த்துகீசியருக்கு ரகசியமாக உதவியவர் இவர். 1511 ஆகஸ்டில் ஊர் விழுந்ததும் அல்புகர்க் இவரைப் பெண்டஹாரா ஆக்கினார். போர்த்துகீசியரோடு பங்கு போட்டு பெகுவுக்கு மரக்கலம் அனுப்பினார்.

கடாரம் கொண்டான் டி-சட்டை போடும் எங்கள் தலைமுறைக்கு இவர் ஒரு சங்கடம். காட்டிக்கொடுத்தவர் என்று ஒரே வரியில் முடிக்கலாம். எனக்கு அது போதவில்லை. அதற்குச் சற்று முன்புதான் சுல்தான் தன் பெண்டஹாராவையே குடும்பத்தோடு கொல்ல வைத்திருந்தார். அதன் தொடக்கம் இரண்டு கெலிங் வணிகர்களின் தகராறு என்கிறது செஜாரா மெலாயு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வியாபாரி யாரை நம்பியிருப்பார்?

நம்பியவர்களும் நிலைக்கவில்லை. 1514-இல் போர்த்துகீசியர் அவர் பதவியைப் பறித்துக் கம்பார் அரசனுக்குக் கொடுத்தார்கள். நீனா சாத்து சந்தனக் கட்டை அடுக்கித் தீ வளர்த்து அதில் இறங்கினார் என்று அவர்களுடைய வரலாற்று நூல்களே எழுதின. மறு ஆண்டு அந்தக் கம்பார் அரசனின் தலையையும் வெட்டினார்கள்.