ஒரு சின்னப் பாலமும் ஒரு ராஜினாமாவும்

ரயில் பாலம் என்றதும் நம் எல்லோருக்கும் பாம்பன்தான் நினைவுக்கு வரும். 1914-ல் திறந்தது, கப்பலுக்கு வழிவிட்டது, சினிமாவிலும் வந்தது. ஆனால் ஒரு மத்திய மந்திரியின் பதவியையே அசைத்தது பலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு சின்னப் பாலம். அரியலூர் பக்கத்தில் மருதையாற்றின் மேல் இருந்த பாலம் அது!

1956 நவம்பர் 22 இரவு, எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. அப்போது அது மீட்டர் கேஜ் பாதை, நீராவி எஞ்சின். சைதாப்பேட்டையில் நம்ம அடையாற்றைத் தாண்டி, விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சியை நோக்கிப் போனது. நல்ல மழை. மறுநாள் விடிவதற்குள், அரியலூரைத் தாண்டியதும், எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் மருதையாற்று வெள்ளத்தில் விழுந்தன. இறந்தவர்கள் 140 பேருக்கும் மேல்.

இரும்பு கர்டர் பாலம் எப்படி விழும் என்று கேட்கலாம். வெள்ளம் பொதுவாக இரும்பை முறிப்பதில்லை. தூணின் அடியில் இருக்கும் மண்ணையும், பாலம் கரையைத் தொடும் இடத்தில் கொட்டிய மண்மேட்டையும் அரித்துக்கொண்டு போகும். மேலே தண்டவாளம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கீழே தாங்க ஒன்றும் இருக்காது. இருட்டில் வரும் டிரைவருக்கு இது எப்படித் தெரியும்?

அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகே இதேபோல் ஒரு பால விபத்து. அப்போதே அவர் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். தவறு சாஸ்திரியுடையது என்பதற்காக அல்ல, பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்று. அந்த சாஸ்திரிதான் 1964-ல் பிரதமரானார்.

இந்த ராஜினாமா கதையை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பாலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு இப்படித் தோன்றுகிறது: மழைக்காலத்தில் இரவெல்லாம் விளக்கோடு பாதையில் நடந்து பார்க்கும் ஊழியரின் சம்பளம் செலவுக் கணக்கில் வரும். தூணில் வெள்ள அபாய அளவைப் பெயின்டில் குறித்து வைப்பதும் செலவுதான். ஆனால் அவர்கள் தடுத்த விபத்தை எழுதுவதற்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி கிடையாது. அதனால் சிக்கனம் என்று வந்தால் முதலில் கை வைக்கத் தோன்றுவதும் அங்கேதான்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு ஓடியபோது சென்னையில் ரயில்களை நிறுத்தினார்கள். ஊருக்குப் போக முடியாமல் பலர் தவித்தார்கள், உண்மைதான். ஆனால் ஆற்றில் வெள்ளம் ஓடும்போது ஒரு ரயில் ஓடாமல் நிற்பதும் ஒரு சேவைதான். 1956-ல் அந்த ஒரு ரயிலை அரியலூரிலேயே நிறுத்தியிருந்தால்? மந்திரி ராஜினாமா செய்திருக்க மாட்டார், நமக்கு இந்தக் கதையே தெரிந்திருக்காது. 140 பேருக்கும் மேல் தாமதமாக வீடு போய்ச் சேர்ந்து, ரயில்வேயைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான்.