சமன் செய்த கட்டணமும் சாய்ந்த தராசும்

நாட்டின் நன்மை கருதி வகுக்கப்படும் திட்டங்கள் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே தன்மையாய்ப் பயன் தருவதில்லை. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் இச் சோட்டா நாகபுரியின் வரலாறே போதிய சான்றாகும்.

1907இல் டாட்டா இரும்பு உருக்குக் கம்பெனி தோன்றியது. சாக்சி என்னும் சிற்றூரில் எழுந்த அதன் ஆலையில் 1912இல் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. ஆலை இங்கு அமைந்த காரணம் வெளிப்படை. தாது சிங்பூம், மயூர்பஞ்ச் மலைகளில், நிலக்கரி ஜரியாவில், நீர் சுவர்ணரேகையிலும் கர்க்காயிலும். ஒரு டன் உருக்கை ஆக்க, அதனினும் எடை மிகுந்த தாதுவும் கரியும் வேண்டும். ஆகவே அவை கிடைக்கும் இடத்தை ஆலை நாடிற்று. உருக்கைக் கொண்டு யந்திரம் செய்யும் தொழில்களும் அவ்வாறே ஆலையை நாடி வந்திருக்க வேண்டும்.

நிற்க. விடுதலைக்குப் பின் அரசினர் முன் ஒரு சிக்கலான கேள்வி எழுந்தது. தாது விளையும் இடத்தில் மட்டுமே தொழில் பெருகுமாயின், தாதுவற்ற பகுதிகளின் கதி என்ன? இக்கேள்விக்கு விடையாக 1950களில் வகுக்கப்பட்டதே சரக்குக் கட்டணச் சமன் திட்டம்.

அதன் முறை எளிது. உருக்கு எவ்வூருக்குச் சென்றாலும், சராசரிக் கட்டணம் ஒன்று விலையோடு சேர்க்கப்படும். அத்தொகை ஒரு பொது நிதியில் சேரும். தொலைதூரம் செல்லும் சரக்கின் மிகுதிச் செலவை அந்நிதி ஈடு செய்யும். ஆகவே ஆலைக்கு அருகில் வாங்குவோரும், ஆயிரம் மைல் அப்பால் சென்னையில் வாங்குவோரும் ஏறத்தாழ ஒரே விலை கொடுத்தனர். சிமெண்டுக்கும் இத்தகைய ஏற்பாடு இருந்தது.

நோக்கம் உயர்ந்ததே; ஐயமில்லை. ஆயின் விளைவு யாது? தாதுவின் அருகிருந்த இயற்கைச் சலுகை இம்மண்ணிற்கு இல்லாது போயிற்று. பம்பாயிலும் லூதியானாவிலும் கோயமுத்தூரிலும் பட்டறைகள் பெருகின. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது. மேற்கே விளைந்த பருத்திக்கோ அத்தகைய சமன் கட்டணம் இல்லை. கிழக்கே அதனை வாங்குவோர் முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுவன்றோ!

தமிழகத்தின் உயர்வுக்கு இஃதொன்றே காரணம் என்று கூறுவதும் தவறு. மின்சாரம், பள்ளிகள், தொழிற்கல்வி, மக்களின் உழைப்பு ஆகியவை பெருங் காரணங்களாம். பீகார் பின்தங்கியதற்கும் நிலவுடைமை முறை, நிர்வாகக் குறை எனப் பிற காரணங்கள் உண்டு. எனினும் தராசின் ஒரு தட்டில் இத்திட்டமும் இருந்தது என்பதை மறுக்க இயலாது.

1992இல் உருக்கிற்கு இம்முறை நீக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. வேறிடத்தில் வேரூன்றிய ஆலைகளும் தொழிலறிந்த கைகளும் மீண்டு வரவில்லை. 2000 நவம்பர் 15இல் ஜார்க்கண்டு தனி மாநிலமாயிற்று. மண்ணுக்கடியில் செல்வமும் மண்மேல் வறுமையும் அதன் சொத்தாக இருந்தன. சுரங்கத்திற்கும் ஆலைக்கும் அணைக்கும் நிலமிழந்தோருள் சந்தாலர், முண்டர், ஹோ முதலிய பழங்குடியினர் மிகப் பலர்.

இவ்வரலாற்றினின்று இரண்டு பாடங்கள் பெறலாம். ஒரு சலுகையை வகுக்குங்கால், அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று முதலிலேயே கணக்கிடல் வேண்டும். அச்சலுகை என்று முடியும் என்பதையும் அப்பொழுதே வரையறுத்தல் வேண்டும். இரண்டும் செய்யாமையால் சமன் செய்ய வந்த திட்டமே ஏற்றத்தாழ்வை வளர்த்தது.

நம் காலனிக் குடும்பங்களுக்கு மற்றொரு பாடமும் உண்டு. "இவ்வூரார் முன்னேறத் தெரியாதவர்" என்னும் பேச்சு நம்மிடையே சில வேளை எழுகிறது. நாம் பிறந்த மண் பெற்ற பயனில் ஒரு பகுதிக்கு, நாம் பிழைக்க வந்த மண் விலை கொடுத்திருக்கிறது. நம் மக்கள் இதனை அறிவாராயின், அப்பேச்சு தானே அடங்கும். அண்டை வீட்டாரைச் சமமாய் மதித்தல் நாம் செலுத்தவேண்டிய கடன். அதற்குச் சராசரிக் கணக்கு இல்லை.