ப்ளாக்குக்கு எத்தனை இந்தியர்?

சிங்கப்பூரில் அரசு கட்டிய ஒரு அடுக்குமாடியில் எந்த இனத்துக்காரங்க எத்தனை வீடு வைத்திருக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு மக்களே. ஊர்ல இருந்து இங்க பொட்டி தட்ட வர்ற நம்மாளுங்க பலருக்கு வீடு வாங்கக் கிளம்பும்போதுதான் இது தெரியும்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (சுருக்கமா வீவக) ஆரம்பிச்சப்போ யாருக்குக் கொடுக்கிறதுங்கறதைவிட, கொடுக்க வீடே இல்லைங்கறதுதான் பிரச்சினை. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பிடித்த தீயில் சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அப்புறம் கட்டின வேகம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1964-ல் சொந்த வீட்டுத் திட்டம். 1968-ல் மத்திய சேம நிதிப் பணத்தை எடுத்தே வாங்கலாம்னு ஆச்சு. சொந்தம்னா 99 வருஷக் குத்தகைதான், ஆனாலும் விற்கலாம்.

விற்கலாம்னு வந்தவுடனே ஜனங்க தங்கள் ஆட்கள் பக்கம் நகர ஆரம்பிச்சாங்க. ஹவ்காங்கில் சீனர்கள், பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஈசூனில் இந்தியர்கள். 1964 இனக் கலவரங்களைப் பார்த்த அரசுக்கு இது பயமா இருந்ததில் ஆச்சரியமில்லை. அப்போ தேசிய வளர்ச்சி அமைச்சரா இருந்தவர் எஸ். தனபாலன். 1989 மார்ச் 1 முதல் ஒதுக்கீடு அமலுக்கு வந்தது: ஒரு ப்ளாக்கில் சீனர் 87%, மலாய்க்காரர் 25%, இந்தியரும் மற்றவரும் சேர்த்து 13% வரை. கடைசி எண் 2010-ல் 15% ஆச்சு.

புது வீட்டில் இதனால பெரிய வலி இல்லை. 2001-ல் வந்த பிடிஓ முறையில் விண்ணப்பம் போட்டு, கணினிக் குலுக்கலுக்குக் காத்திருக்கணும். குடும்பஸ்தர்களுக்குத்தான் முன்னுரிமை. தனியாள் குடிமகனுக்கு 35 வயசு ஆகணும், அதுவும் புது வீடு 2013-ல் தான், ஈரறை மட்டும். (பேச்சிலர்களே, பெருமூச்சு விட்டுக்கோங்க :-))

வலி மறுவிற்பனையில்தான். ஒரு ப்ளாக்கில் சீனர் பங்கு நிரம்பிடுச்சுன்னு வைங்க. சீனர் சீனருக்கு விற்கலாம், ஏன்னா எண்ணிக்கை மாறாது. அங்கே இருக்கிற இந்தியர் மட்டும் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள். அவ்வளவு பேரும் வாங்குறவங்க பட்டியலில் இருந்து அப்படியே காணாமப் போனா விலை என்ன ஆகும்? கடன், பையன் படிப்பு, வேற ஊரில் வேலைன்னு அவசரமா விற்கிறவர் இறங்கித்தான் போகணும். இந்தியர் பங்கு நிரம்பின ப்ளாக்கில் வாங்க நினைக்கிற இந்தியருக்கோ, இன்னொரு இந்தியர் விற்கிற வரை காத்திருக்கிறதைத் தவிர வழியில்லை.

ஒதுக்கீடே தப்புன்னு நான் சொல்லலை. லிஃப்டில் மூணு மொழி கேட்கிற ஊர் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கலந்து வாழறது எல்லாருக்கும் லாபம்னா அதோட செலவையும் எல்லாரும்தானே ஏத்துக்கணும்? அது சிறுபான்மை வீட்டுக்காரர் தலையில் விழுறது தனபாலன் காலத்து விதியிலேயே கணக்குப் போட்டா தெரியுற விஷயம். இப்படி மாட்டிக்கிட்டவங்க வீட்டை, நிபந்தனைகளோட, வீவகவே திரும்ப வாங்கிக்கும்னு வழி வந்தது 2022-ல். முப்பத்திமூணு வருஷம்! அதுக்குப் பதிலா விலை வித்தியாசத்தைப் பணமாவே கொடுத்திருக்கலாம், வீட்டை அவங்களே விற்றுட்டுப் போயிருப்பாங்க.