பிரெஞ்சு வினைச்சொற்களின் அசையும் ஒலிப்பும்

பிரெஞ்சு வினைச்சொற்களில் எழுதப்படும் விகுதிகள் பலவற்றுக்கு இன்று ஒலி இல்லை. 'பாடுதல்' எனப் பொருள்படும் 'ஷான்தே' என்னும் வினை இதற்குச் சான்றாகும். நிகழ்காலத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமைகளும் படர்க்கைப் பன்மையும் 'ஷான்த்' என ஓரசையாகவே ஒலிக்கும். எழுத்தில் இந்நான்கும் மூன்று வடிவங்களைப் பெறும். தன்மைப் பன்மை 'ஷான்-தோன்', முன்னிலைப் பன்மை 'ஷான்-தே' என ஈரசை பெறும். இங்கு 'ன்' தனி மெய்யன்று. முன்னுள்ள உயிர் மூக்கின்வழி ஒலிப்பதைக் குறிக்கிறது.

ஒலியிழப்பு

இவ்வினையின் மூலமான இலத்தீன் வினையில் ஆறு வடிவங்களும் வெவ்வேறாக ஒலித்தன. தமிழின் 'பாடுகிறேன்' போல, விகுதியே பாடுபவர் யார் என்பதைக் காட்டியது. பழைய பிரெஞ்சிலும் தன்மை ஒருமை தவிர இவை ஈரசைச் சொற்களாகவே இருந்தன. பின்வந்த நூற்றாண்டுகளில் இறுதி மெய்களும், அதன்பின் இறுதியிலிருந்த மெல்லுயிரும் பேச்சிலிருந்து மறைந்தன. இன்று யார் என்பதைப் பெரும்பாலும் வினைக்கு முன்வரும் பிரதிப்பெயரே உணர்த்துகிறது.

எழுத்து மாறாத காரணம்

16-ஆம் நூற்றாண்டில் லூயி மெக்ரே என்னும் இலக்கணவாணர், ஒலிப்படியே எழுத வேண்டும் என வலியுறுத்தி, 1550-இல் அம்முறையிலேயே ஓர் இலக்கணநூலை வெளியிட்டார். அவரது முறை ஏற்கப்படவில்லை. 1635-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுக் கழகம், 1694-இல் வெளியிட்ட முதல் அகராதியில் பழைய எழுத்துமுறையையே பின்பற்றியது. கற்றோரைக் கல்லாதாரிடமிருந்து பிரித்துக் காட்டும் எழுத்துமுறையே சிறந்தது என்பது அகராதிப் பணியில் ஈடுபட்ட மெசரே 1673-இல் எழுதிய கருத்து. காதால் அறிய முடியாத விகுதிகளை இலக்கணத்தால் அறிந்து எழுதும் சுமை, இவ்வாறு மாணவர்மேல் விழுந்தது. எனினும் வால்டேர் ஆதரித்த ஒரு திருத்தம் வென்றது: இறந்தகாலத் தொடர்வினை விகுதியின் உயிரெழுத்து, 1835-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒலிப்புக்கேற்ப மாற்றப்பட்டது.

மறைந்த ஒலி திரும்பும் இடங்கள்

உயிரில் தொடங்கும் வினைகளில் பிரதிப்பெயரின் இறுதி மெய் அடுத்த அசையோடு சேரும். 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இ-லெம்' எனவும், 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது 'இல்-ஸெம்' எனவும் பிரியும். எழுத்தில் சொல் முடியும் இடமும் பேச்சில் அசை முடியும் இடமும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது. மரபுச் செய்யுளில், அடியின் இடையே மெய்யெழுத்துக்கு முன்வரும் 'ஷான்த்' ஈரசையாகவே எண்ணப்படும். பன்னிரண்டு அசை கொண்ட அலெக்சாந்திரின் அடி இவ்வாறே நிறைகிறது. பிரான்சின் தென்பகுதிப் பேச்சில் 'ஷான்-த' என அம்மெல்லுயிர் இன்றும் கேட்கிறது.