களத்துமேட்டுக் கணக்கு

பெரிய கம்பெனித் தலைவருக்கு அவ்வளவு சம்பளம் தகுமான்னு கேக்குறீங்க. நான் இதை எங்க முத்துப்பேட்டைப் பக்கத்து வயலிலிருந்து பாக்குறேன்.

கீழத்தஞ்சையில் அன்று விளைச்சலில் பெரும்பங்கு மிராசுதாருக்கே போனது. நிலம் என்னுது, அதனால் தகும்னு அவர் வாதம். விவசாயிகள் சங்கம் போராடியது. 1952 சட்டம் குத்தகை சாகுபடியாளருக்கு 40 சதவீதம் கொடுத்தது. 1956 நியாய வாரச் சட்டத்தில் நன்செய்க்கு நிலக்காரர் பங்கே 40 ஆனது; 1980ல் 25. வயலும் நெல்லும் அதேதான். கேக்குறவங்க ஒண்ணு சேர்ந்ததும் ‘தகும்’ங்கிற அளவே மாறிடுச்சு.

அதே 1956ல் வந்த கம்பெனிச் சட்டம், நிர்வாகிகளின் மொத்த ஊதியம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு வச்சது. 2013 சட்டத்திலும் அந்த வரம்பு உண்டு. ஆனா பங்குதாரர்கள் தீர்மானம் போட்டா தாண்டலாம். தொழிலாளிக்கு அதுல ஓட்டு இல்லை.

திறமைக்குக் கூலி வேணாம்னு நான் சொல்லலை. நெல்லை அளக்கும்போது உழைச்சவனும் களத்துல நிக்கணும். எங்க ஊர் வரலாறு கேக்குறது அவ்வளவுதான்.