நிறம் கிடைத்தது, பெயர் போனது: எல்மர் யானையின் வரலாறு

ஆரம்பப் பிரிவில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு எல்மரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக நிறம் கொண்ட யானை. வெளிநாட்டு அன்பளிப்பாக வரும் புத்தகப் பெட்டிகளில் எப்படியும் ஒரு எல்மர் இருக்கும். நம்முடைய பிள்ளைகள் முதலில் பார்க்கும்போது பெரஹரா யானை என்றுதான் நினைப்பார்கள். அது துணி இல்லை, யானையின் தோலே அப்படித்தான் என்று விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

நிறங்களின் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க நல்ல புத்தகம் என்று அதை எடுப்போம். "வித்தியாசமாக இருப்பது நல்லது பிள்ளைகளே" என்று ஒரு வரியோடு மூடி வைப்போம். ஆனால் இந்த யானை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அதன் பின்னால் ஒரு தெருவும், ஒரு சிறுவனும், அவன் வாயிலிருந்து வந்த ஒரு வசைச்சொல்லும் நிற்கின்றன. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

எல்மரைப் படைத்தவர் டேவிட் மெக்கீ. 1935 ஜனவரி 2ஆம் திகதி இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்து டவிஸ்டொக் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். பக்கத்து நகரமான பிளிமத்தில் ஓவியக் கல்லூரியில் படித்தார். பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து பிழைத்தார். அவருடைய மனைவி ஆங்கிலோ இந்தியப் பரம்பரையில் வந்தவர். பிள்ளைகளின் தோலில் அந்தச் சாயல் இருந்தது.

ஒருநாள் மனைவியோடும் மகளோடும் அவர் டெவனில் நடந்து போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த ஒரு சிறுவன், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, "அதோ பார்" என்ற மாதிரி கூட வந்தவனுக்குக் காட்டினான். யாரைச் சொல்கிறான் என்று மெக்கீ சுற்றும் முற்றும் பார்த்தாராம். அவன் காட்டியது அவருடைய மகளை. எல்மர் பிறந்ததற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, பல வருடங்கள் கழித்து, மெக்கீ சொன்ன சம்பவம் இது.

சொன்னவன் ஒரு குண்டன் அல்ல, இனவெறிக் கட்சிக்காரன் அல்ல. ஒரு சிறுவன். நம் வகுப்பில் முன் வாங்கில் இருக்கக்கூடிய வயதுக்காரன். அந்தச் சொல்லை அவன் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. வீட்டில், கடையில், விளையாட்டு மைதானத்தில் எங்கோ பொறுக்கியிருப்பான். புத்தகத்திலும் பொறுக்கியிருக்கலாம். நாமெல்லாம் ஆசையாக வாசித்த எனிட் பிளைட்டனின் நொடி கதைகளில், 1951இல் வந்த ஒன்றில், கறுத்த முகமுள்ள பொம்மைகள்தான் நொடியின் காரைத் திருடும் கள்ளர்கள். பிந்திய பதிப்புகளில் அந்தப் பொம்மைகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு தலைமுறைக்கு மேல் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்துவிட்டது.

எல்மர் முதன்முதலில் அச்சில் வந்தது 1968இல். அந்த வருடத்தைப் பிரித்தானிய வரலாறு படித்தவர்கள் இலகுவில் மறக்கமாட்டார்கள். மார்ச் மாதத்தில், கென்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஆசிய வம்சாவளியினரைத் தடுக்க அவசர அவசரமாக ஒரு குடிவரவுச் சட்டம் நிறைவேறியது. அவர்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. ஏப்ரல் 20ஆம் திகதி பர்மிங்ஹாமில் இனொக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு நாட்டையே கொதிக்க வைத்தது. அதே வருடம் வீடு கொடுப்பதிலும் வேலை கொடுப்பதிலும் நிறபேதம் காட்டுவதைத் தடைசெய்யும் சட்டமும் வந்தது. பவலுக்குப் பதிலாக மெக்கீ எல்மரை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காற்றில்தான் இந்தப் புத்தகமும் வெளியே வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இனிக் கதைக்கு வருவோம். ஒரு யானைக் கூட்டம். இளையது, முதியது, உயரமானது, கொழுத்தது, மெலிந்தது என்று எல்லாமே ஒன்றுக்கொன்று வேறு. ஆனால் எல்லாம் ஒரே நிறம். எல்மரைத் தவிர. உருவத்திலும் வயதிலும் இருக்கிற அத்தனை வேறுபாடும் கணக்கில் இல்லை, நிறம் மட்டும் கணக்கில் வருகிறது. மெக்கீ இதற்கு ஒரு விளக்கமும் கொடுக்கமாட்டார். சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எல்மர்தான் கூட்டத்தைச் சிரிக்க வைப்பவன். ஆனால் ஒரு இரவு அவனுக்கு நித்திரை வரவில்லை. எல்லோரும் தன்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறார்கள் என்று ஓர் எண்ணம். விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் வெளியேறுகிறான். வழியில் காட்டு விலங்குகள் எல்லாம் அவன் பெயர் சொல்லிக் காலை வணக்கம் கூறுகின்றன. யானை நிறத்தில் பழம் காய்க்கும் ஒரு செடியைக் கண்டுபிடித்து, உலுக்கி விழுத்தி, அதில் புரண்டு புரண்டு, மற்ற யானைகளைப் போல ஆகிவிடுகிறான்.

திரும்பி வரும் வழியில் அதே விலங்குகள் மறுபடியும் காலை வணக்கம் சொல்கின்றன. இம்முறை "யானையே" என்கின்றன. போன வருடம் தரம் 2 பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு போகும்போது ஒரு பிள்ளை இடைமறித்தது: "சேர், அதுக்குப் பேர் இல்லாமப் போச்சே!" இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன், இந்தப் புத்தகத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் நான் எங்கும் வாசிக்கவில்லை. கூட்டத்தின் நிறம் கிடைத்தது, பெயர் போனது.

கூட்டத்துக்குள் போய் நிற்கிறான். யாரும் கவனிக்கவில்லை. முதலில் நிம்மதி. பிறகு ஏதோ சரியில்லை. எல்லா யானைகளும் அசையாமல், பேசாமல், மகா கடுமையாக நிற்கின்றன. அவன் இல்லாத கூட்டம் எப்படி இருக்கும் என்பதை அவனே நின்று பார்க்கிறான். சிரிப்பை அடக்க முடியாமல் தும்பிக்கையைத் தூக்கி "பூ!" என்று கத்துகிறான். யானைகள் துள்ளி விழுகின்றன. இது எல்மரின் வேலைதான் என்று கண்டுபிடித்துச் சிரிக்கின்றன. மழை வந்து சாயம் கழுவிப் போகிறது. அன்றிலிருந்து வருடத்தில் ஒரு நாள் எல்லா யானைகளும் நிறம் பூசிக்கொள்ள, எல்மர் மட்டும் சாம்பல் நிறத்தில் வருவான்.

இந்தக் கதை முழுக்கத் தேடினாலும் எல்மரை யாரும் ஒரு வார்த்தை இழிவாகப் பேசுவதில்லை. புத்தகத்துக்குக் காரணமான வசைச்சொல் புத்தகத்தில் இல்லை. மெக்கீ அதை எடுத்துவிட்டு, அது உள்ளே போன பிறகு ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை மட்டும் வைத்திருக்கிறார். நித்திரையில்லாத இரவு. மற்றவர் சிரிப்பெல்லாம் தன்னைப் பார்த்துத்தான் என்ற சந்தேகம். தோலை மாற்றிக்கொள்ள ஒரு செடியைத் தேடிய பயணம். "கறுவல்", "கறுப்பி" என்று செல்லமாகத்தானே கூப்பிடுகிறோம் என்று நினைக்கிற நம்மில் பலருக்கு அந்தச் செடி எந்தக் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று தெரியும். முகம் வெளுக்கும் கிறீம் பூசாத பெருநாளும் கலியாணமும் குறைவு.

அந்த மகளை ஆறுதல்படுத்த எழுதிய கதை என்று இதை வாசிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு வீட்டில் தகப்பன் இருந்தார். இந்தக் கதை அந்தச் சிறுவனுக்கு. அதனால்தான் அதில் கண்டிப்பு இல்லை. கண்டித்திருந்தால் அவன் முதல் பக்கத்தோடு மூடியிருப்பான்.

நிறத்துக்கும் பெயருக்கும் உள்ள இந்த முடிச்சு மெக்கீயின் முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. 1964இல் வந்தது. பெயரே இல்லாத ஒரு கறுப்புப் பறவை. அதற்குச் செய்யக்கூடிய ஒரே வேலை இரண்டு பெயின்ட் டின்களைத் தூக்கிக்கொண்டு போவது. பெயின்ட் அதன் மேல் கொட்டி நிறம் வருகிறது. "டூ கேன்" என்றால் ஆங்கிலத்தில் இரண்டு டின். டூக்கன் என்ற பறவைக்குப் பெயர் வந்த கதை இது. அந்தப் பறவைக்கு நிறம் வந்தபோது பெயரும் வந்தது. நான்கு வருடம் கழித்து வந்த யானைக்கு, கூட்டத்தின் நிறத்தை எடுத்தபோது பெயர் போனது.

கட்டம் கட்டமான நிறங்களுக்கு ஓவியர் போல் கிளேயும் ஒரு காரணம். மெக்கீக்கு அவர் மேல் பெரிய மதிப்பு. கிளே சுவிற்சர்லாந்தில் பிறந்தவர். 1914 ஏப்ரலில் துனீசியாவுக்குப் போய், கைரவான் நகரத்தில் நின்று நீர்வர்ணம் தீட்டிய பிறகுதான் நிறம் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய நிறச் சதுர ஓவியங்கள் அதற்குப் பிந்தியவை. அந்தப் பழைய முஸ்லிம் நகரத்தின் வெளிச்சத்தில் ஒரு துளி, பல கைகள் மாறி, இந்த யானையின் முதுகில் விழுந்திருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

1968இல் வந்த எல்மரை டொப்சன் என்ற பதிப்பகம் வெளியிட்டது. அது இன்று நமக்குத் தெரிந்த எல்மர் அல்ல. அதற்கு இன்னும் 21 வருடம் ஆனது. டூக்கன் புத்தகத்தை வெளியிட்ட கிளவுஸ் ஃப்ளூக, கிழக்கு ஜேர்மனியை விட்டு வெளியேறி, அமெரிக்கா போய், பிறகு இலண்டனில் தங்கியவர். 1976இல் அண்டர்சன் பிரஸ் என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். எல்மரை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று நினைத்து, மெக்கீ புதிதாக வரைந்துகொடுத்த படங்களோடு 1989இல் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் வரிசை தொடங்கியது. 1991இல் அடுத்த கதை. 1994இல் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மச்சான் வில்பர். பிறகு பொன்னிறத் தாத்தா எல்டோ. 2005இல் இளஞ்சிவப்பு ரோஸ். 60க்கு மேற்பட்ட மொழிகள், 1 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள்.

எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். ஒளித்துப் பிடித்து விளையாட்டும் பகிடியுமாகப் போகிற கதைகள் பல. நித்திரைக்கு முன் வாசிக்க நல்லவை, அவ்வளவுதான். ஆனால் 2003இல் வந்த நீர்யானைக் கதை வேறு. நீர்யானைகள் யானைகளின் ஆற்றுக்கு வந்துவிடுகின்றன. யானைகளுக்கு எரிச்சல். எல்மர் போய் விசாரித்தால், அவர்களுடைய ஆறு வற்றிவிட்டது. கற்கள் அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று கண்டு, இரண்டு கூட்டமும் சேர்ந்து அந்தக் கற்களை அகற்றுகின்றன. ஏன் வந்தார்கள் என்று முதலில் கேட்பது, வந்தவர்களைப் பற்றி முறையிடுவது பிறகு. இந்த ஒழுங்கை அரசாங்கங்களே பின்பற்றுவதில்லை.

எல்மரை மட்டும் வாசித்தால் மெக்கீ ஒரு நல்ல நம்பிக்கைவாதி என்று தோன்றும். 1978இல் அவர் எழுதிய இன்னொரு யானைக் கதை, "டஸ்க் டஸ்க்", அந்த எண்ணத்தை உடைத்துவிடும். அதில் உலகத்து யானைகளெல்லாம் கறுப்பு அல்லது வெள்ளை. மற்ற எல்லா உயிர்களிலும் அன்பு, ஒருவர் மேல் ஒருவர் மட்டும் வெறுப்பு. சண்டை வருகிறது. தும்பிக்கைகள் துப்பாக்கிகளாக நீளுகின்றன. சமாதானம் விரும்பிய சிலர் இருபக்கத்திலிருந்தும் நடுக்காட்டுக்குள் போய் மறைந்துவிட, மிச்சமிருந்த அனைவரும் ஒருவரையொருவர் கொன்று முடிக்கிறார்கள். பல வருடங்களுக்கு உலகில் யானையே இல்லை. பிறகு ஒருநாள் காட்டுக்குள் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். எல்லோரும் சாம்பல் நிறம். இனிச் சண்டைக்கு நிறம் இல்லை என்று நாம் மூச்சுவிடும்போது, கடைசிப் பக்கத்தில் சின்னக் காது யானைகளும் பெரிய காது யானைகளும் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன.

இந்த நாட்டில் வாழ்கிற நமக்கு அந்தப் பக்கத்துக்குக் குறிப்புரை தேவையில்லை.

மெக்கீ 2022 ஏப்ரல் 6ஆம் திகதி பிரான்ஸின் நீஸ் நகரத்தில் 87ஆவது வயதில் காலமானார். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2019 கோடையில், பிளிமத் தெருக்களில் ஆளுயர எல்மர் சிலைகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஓவியர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக நிறம் பூட்டினார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். பிறகு சிலைகளை ஏலம் விட்டு, தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் நிலையத்துக்குப் பணம் கொடுத்தார்கள். பிளிமத் இருப்பதும் அதே டெவனில்தான். அந்தச் சிறுவன் இருந்தால் இப்போது பேரப்பிள்ளைகள் உள்ள வயது.

எந்தப் புத்தகத்தை முதலில் வாங்குவது என்று கேட்கப் போகிறவர்களுக்கு: முதல் எல்மர், அடுத்து நீர்யானைக் கதை. இரண்டும் தரம் 1, 2 பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போதும், தமிழில் சொல்லிக்கொண்டே வாசிக்கலாம். "டஸ்க் டஸ்க்" இங்கே இலகுவில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் சொல்லி எடுப்பியுங்கள். அதைத் தரம் 5க்குக் கீழே கொடுக்க வேண்டாம். கொடுத்தால் கடைசிப் பக்கத்தை அவசரப்பட்டு விளங்கப்படுத்தப் போகாதீர்கள், பிள்ளைகள் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.